இராட்டையும் தறியும்: ஆங்கில நாட்டுச் சிற்றூர் நெசவாளர் வரலாறு

கைத்தொழிற் புரட்சி என்ற சொல்லைக் கேட்டதும் வானளாவிய புகைபோக்கிகளும், நீராவி யந்திரங்களும், இருப்புப் பாதைகளும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. அவற்றை ஆக்கிய அறிஞர்களின் பெயர்களைப் பாடசாலைப் பிள்ளைகளும் ஒப்புவிப்பர். ஆனால், அப்புகைபோக்கிகள் எழுவதற்கு முன்னர் இங்கிலாந்தின் சிற்றூர்களிலே மக்கள் எவ்வாறு பிழைத்தனர்? அவை எழுந்த பின்னர் அம்மக்கள் என்னவாயினர்? யந்திரம் வந்தது, கைத்தொழில் மடிந்தது என்று ஒரே வாக்கியத்தில் விடை கூறிவிடுவது வழக்கம். உண்மை அவ்வளவு எளியதன்று. லங்காஷயர், யோர்க்ஷயர் முதலிய வடபகுதிகளில் வாழ்ந்த கைத்தறி நெசவாளரின் வரலாற்றை எடுத்து நோக்கின், யந்திரம் அவர்களை முதலில் வாழ்வித்தது என்பதும், பின்னர் அவர்களை வீழ்த்தியது யந்திரம் மட்டும் அன்று என்பதும் புலனாகும். அவ்வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விரும்புகின்றேன்.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எழுத்தாளர் டானியல் டீபோ பிரித்தானியா முழுவதையும் சுற்றிப் பார்த்து, 1724ஆம் ஆண்டு முதல் 1727ஆம் ஆண்டு வரை ஒரு பயண நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். யோர்க்ஷயரிலுள்ள ஹலிபாக்ஸ் நகரை அண்டிய மலைச்சரிவுகளில் அவர் கண்ட காட்சி குறிப்பிடத்தக்கது. சரிவெங்கும் வீடுகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் அமைந்திருந்தன. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டின் முன்னும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கம்பளித்துணி வெயிலிற் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரனிடம் ஒரு குதிரை இருந்தது. கம்பளி மயிரைக் கொண்டுவரவும், முடிந்த துணியைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் அது பயன்பட்டது. பாலுக்கு ஒன்றிரண்டு பசுக்களும், அவை மேயச் சிறிது நிலமும் இருந்தன. வீட்டினுள்ளே சிலர் சாயத்தொட்டியருகே நின்றனர். சிலர் தறியில் இருந்தனர். பெண்களும் பிள்ளைகளும் மயிரைச் சிக்கெடுத்து வாரினர், நூற்றனர். நான்கு வயதைக் கடந்த பிள்ளையும் ஏதோ ஒரு வேலையைச் செய்து தன் வயிற்றைக் கழுவிக்கொண்டதாக டீபோ மகிழ்ச்சியுடன் எழுதினார். இன்று அதனைப் படிக்கும் நாம் மகிழ மாட்டோம். பிள்ளைகளின் உழைப்பு ஆலையோடு பிறந்ததன்று என்பதை மட்டும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இவ்வாழ்க்கையின் உயிர்நாடி யாது? ஒரே குடும்பம் ஒரே தொழிலை நம்பி இராமையே. மான்செஸ்டர் நகருக்கு அண்மையில் மெல்லர் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரிற் பிறந்து, பின்னர் பெரிய துணி வணிகராக விளங்கிய வில்லியம் ராட்கிளிப் என்பவர் 1828ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தம் இளமைக்கால நினைவுகளைத் தந்துள்ளார். 1770ஆம் ஆண்டளவில் அவ்வூர் நிலத்தை 50 முதல் 60 வரையான கமக்காரர் குத்தகைக்கு எடுத்திருந்தனர். அவர்களுள் நிலத்தின் விளைவைக் கொண்டே குத்தகைப் பணத்தைச் செலுத்தியவர் ஆறேழு பேர்தாம். மற்றையோர் யாவரும் பருத்தியையோ கம்பளியையோ நூற்றும் நெய்தும் பெற்ற வருவாயைக் கொண்டே நிலத்தைக் காத்துக்கொண்டனர். நிலம், இராட்டை, தறி என்னும் மூன்றும் சேர்ந்தே ஒரு குடும்பத்தைத் தாங்கின. ஒன்று தளர்ந்த காலத்தில் மற்றிரண்டும் கைகொடுத்தன. விளைவு பொய்த்த ஆண்டில் துணி சோறிட்டது. துணிச் சந்தை மந்தித்த மாதத்தில் பசுவும் தோட்டமும் பசியாற்றின.

மூன்றனுள்ளும் முதலில் வீழ்ந்தது பெண்களின் இராட்டை. அது வீழ்ந்த முறையே விந்தையானது. ஒரு தறி ஓயாது ஓட வேண்டுமாயின், அதற்கு நூல் தர நான்கு முதல் எட்டுப் பேர் வரை இராட்டையின் முன் அமர்ந்திருத்தல் வேண்டும். லங்காஷயரின் பரி நகரைச் சேர்ந்த ஜோன் கே 1733ஆம் ஆண்டில் பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்தார். ஊடை நூலைத் தாங்கிப் பாவினூடே செல்லும் நாடாவை, ஒரு கயிற்றைச் சுண்டி இழுத்தே இப்புறமும் அப்புறமும் ஓட்டும் வகை அது. அகலமான துணிக்கு இருவர் வேண்டியிருந்த இடத்தில் இப்போது ஒருவர் போதுமாயிற்று. எனவே நூற்பஞ்சம் மேலும் முற்றியது. நெசவாளன் காலையில் எழுந்து மூன்று நான்கு மைல் நடந்து, நூற்கும் பெண்களின் வீடுகளை நாடி, அன்றைய வேலைக்கு வேண்டிய ஊடை நூலைச் சேகரிக்க வேண்டிய நிலையும் உண்டாயிற்று.

இக்குறையைத் தீர்க்க எழுந்தவையே நூற்கும் யந்திரங்கள். பிளாக்பேர்ண் நகரையடுத்த சிற்றூரில் வாழ்ந்த நெசவாளரான ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் 1760களில் ஜென்னி என்னும் பொறியை ஆக்கினார். ஒருவர் கையாற் சுழற்ற, பல கதிர்கள் ஒருங்கே நூற்றன. பிரெஸ்டன் நகரிற் பிறந்து, முடிதிருத்தியும் பொய்ம்மயிர் செய்து விற்றும் பிழைத்த ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769ஆம் ஆண்டில் நீர்ச்சட்டத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்று, 1771ஆம் ஆண்டில் டார்பிஷயரின் குரொம்போர்ட் என்னும் ஊரில் ஆற்று நீரால் இயங்கும் நூற்பாலையை நிறுவத் தொடங்கினார். போல்டன் நகரத்துச் சாமுவேல் குரொம்ப்டன் 1779ஆம் ஆண்டில் அவ்விரண்டின் இயல்புகளையும் இணைத்து மியூல் என்னும் பொறியைச் செய்தார். அதுவரை வங்காளத்து நூற்போரின் விரல்களுக்கே கைவந்திருந்த மெல்லிய மஸ்லின் நூல், இனி லங்காஷயரின் யந்திரத்தினின்றும் வெளிவந்தது. சோழமண்டலக் கரையிலிருந்தும் பிற இந்தியத் துறைகளிலிருந்தும் வந்த அச்சிட்ட பருத்தித் துணிகளை அணிதலையே 1721ஆம் ஆண்டில் சட்டமியற்றித் தடுத்த நாடு அது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

யந்திர நூல் மலிந்ததும் குடிசை இராட்டைகள் ஓய்ந்தன. ஹார்கிரீவ்ஸின் பொறிகளை அயலவர் உடைத்தெறிந்ததும், அவர் ஊரைவிட்டு நொட்டிங்ஹாம் சென்றதும் உண்மையே. ஆயினும், நாடு முழுவதிலும் நூற்றுப் பிழைத்த எண்ணற்ற பெண்களின் இழப்பு பெரும்பாலும் ஓசையின்றியே நிகழ்ந்தது. பருத்தியின் பின் கம்பளி நூற்றலும் யந்திரத்தின் வசமாயிற்று. ஆலையே எழாத தென் மாவட்டங்களில் இவ்விழப்புக்கு ஈடு எதுவும் வரவில்லை. அங்கு உழவுக் கூலியாளின் மனைவி நூற்றுப் பெற்ற சில பென்ஸ்கள் குடும்பத்தின் உப்புக்கும் சவர்க்காரத்துக்கும் காலணிக்கும் உதவியவை. பார்க்ஷயரைச் சேர்ந்த டேவிட் டேவிஸ் என்னும் பாதிரியார் உழவுக் கூலியாளர் குடும்பங்களின் வரவு செலவுகளைத் திரட்டி 1795ஆம் ஆண்டில் நூலாக்கினார். பெண்களின் சிறு வருவாய் நின்றால் ஆண்மகனின் கூலி மட்டும் வீட்டைத் தாங்காது என்பதை அக்கணக்குகள் காட்டுகின்றன. இதே காலத்தில் பொதுநிலங்களும் வேலியடைக்கப்பட்டன. 1750ஆம் ஆண்டுக்கும் 1850ஆம் ஆண்டுக்கும் இடையில் பாராளுமன்றம் இதற்கென ஏறத்தாழ 4,000 சட்டங்களை இயற்றிற்று. அத்தகைய ஊர்களில் பசுவை மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைக்கு இருந்த உரிமைகளும் மறைந்தன.

ஆனால், வடபகுதி நெசவாளன் வீட்டில் அன்று துக்கம் இல்லை, கொண்டாட்டமே இருந்தது. நூல் வெள்ளமெனப் பெருகியது. அதனை நெய்யத் தறிகள் போதவில்லை. முன்பு நூலைத் தேடி நெசவாளன் அலைந்தான். இப்போது நெசவாளனைத் தேடி வணிகர் அலைந்தனர். 1788ஆம் ஆண்டு முதல் 1803ஆம் ஆண்டு வரையான பதினைந்து ஆண்டுகளையும் ராட்கிளிப் இத்தொழிலின் பொற்காலமென வருணிக்கின்றார். பழைய களஞ்சியங்களும், வண்டிக் கொட்டில்களும், வெறுமனே கிடந்த அறைகளும் செப்பனிடப்பட்டன. வெற்றுச் சுவர்களில் யன்னல்கள் திறக்கப்பட்டன. எங்கும் தறிகள் அமர்ந்தன. நெசவாளன் சட்டைப்பையிற் கைக்கடிகாரம் வைத்திருந்தான். அவன் வீட்டில் அழகிய மரப்பெட்டியில் அமைந்த மணிக்கூடும், பீங்கான் தேநீர்க் கோப்பைகளும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் நிரம்பி வழிந்தது. போல்டன் நகரில் 1800ஆம் ஆண்டளவில் ஒரு நெசவாளன் கிழமைக்கு ஏறத்தாழ 25 ஷில்லிங் ஈட்டினான். உழவுக் கூலியாளுக்கு அதிற் பாதியும் கிடைத்தல் அரிது.

பணத்திலும் மேலான ஒன்றும் அவனிடம் இருந்தது. அவன் தன் நேரத்துக்குத் தானே தலைவன். திங்கட்கிழமையை ஓய்வு நாளாகக் கொள்ளும் பழக்கம் பரவியிருந்தது; அதற்குத் திருத்திங்கள் என வேடிக்கையாகப் பெயருமிட்டனர். கிழமையின் இறுதியில் இரவு பகலாக நெய்து கணக்கைச் சரிசெய்வர். அறுவடைக் காலத்தில் தறியை நிறுத்திவிட்டு வயலுக்குச் செல்வர். லங்காஷயர் நெசவாளருட் பலர் செடிகொடிகளின் இயல்பை ஆராய்வதிற் பேரார்வம் கொண்டு, மலைகளிலும் வெளிகளிலும் திரிந்து செடிகளைத் திரட்டி, ஓய்வு நாட்களிற் கூடி அவற்றின் இலத்தீன் பெயர்களை ஆராய்ந்தனர். அணுக்கொள்கையை நவீன இரசாயனத்துக்கு அடிப்படையாக்கிய ஜோன் டால்டன், கம்பலாண்டு மாவட்டத்து ஏழைக் கைத்தறியாளர் ஒருவரின் மகனே. இத்தகையோரை அறியாப் பேதையர் என்றோ, புதுமையை வெறுத்தோர் என்றோ ஒதுக்குதல் பொருந்தாது.

அவ்வாறாயின், இவ்வாழ்வு எவ்வாறு சரிந்தது? விசைத்தறி வந்து வீழ்த்தியது என்பது பொதுவான விடை. எட்மண்ட் கார்ட்ரைட் என்னும் பாதிரியார் 1785ஆம் ஆண்டில் விசைத்தறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார் என்பது மெய். ஆனால், அது செம்மையாக இயங்க நெடுங்காலம் சென்றது. பிரித்தானியா முழுவதிலும் 1813ஆம் ஆண்டில் இருந்த விசைத்தறிகள் ஏறத்தாழ 2,400. பருத்தி நெய்த கைத்தறியாளரோ இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். எனினும், அதற்குள்ளாகவே கூலி பெரிதும் வீழ்ந்துவிட்டது. 1815ஆம் ஆண்டளவிற் போல்டன் நெசவாளனுக்குக் கிடைத்தது கிழமைக்கு 14 ஷில்லிங் அளவே. போட்டியிட யந்திரம் அரிதாக இருந்தபோதே கூலி சரிந்தது என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இதற்குக் காரணங்கள் சில. சாதாரணப் பருத்தித் துணி நெய்தலைச் சில கிழமைகளிற் கற்றுவிடலாம். பொற்காலக் கூலியின் புகழ் பரவவே, உழவர், வேலையிழந்தோர், அயர்லாந்திலிருந்து வந்தோர், 1815ஆம் ஆண்டில் போர் முடிந்து வீடு திரும்பிய படைவீரர் எனப் பலரும் தறியில் அமர்ந்தனர். பலர் தறி ஒன்றையே நம்பிக் குடியேறியவர். அவர்களிடம் பசுவும் இல்லை, நிலமும் இல்லை. நூல் வணிகருடையது, சிலவேளைகளில் தறியும் வணிகருடையது. ஆகவே, குறைந்த கூலிக்கு மறுப்புச் சொல்லிச் சில நாள் பொறுத்திருக்க அவர்களால் இயலவில்லை. ஒரு வணிகர் கூலியைக் குறைத்தால் மற்றவரும் குறைத்தனர். கூலி குறையக் குறைய, அதே வருவாயைப் பெற நெசவாளன் கூடுதலாக நெய்தான். கூடுதலாக நெய்யவே துணி தேங்கிற்று. தேங்கவே கூலி மேலும் இறங்கிற்று. இது கிணற்றில் விழுந்தவன் மேலேற முயலுந்தோறும் மண் சரிந்து கீழே போவதை ஒத்தது.

இந்நிலையில் அவர்கள் முதலில் நாடியது கலகத்தையன்று, சட்டத்தையே. முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்தில், 1563ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்றின்படி நீதவான்கள் கூலியை வரையறுக்கலாம். தொழில் பழகும் காலத்துக்கும் விதியுண்டு. ஏட்டிலிருந்த இப்பாதுகாப்புக்கு உயிர் கொடுக்குமாறு நெசவாளர் வேண்டினர். குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் மசோதாவைப் பாராளுமன்றம் 1808ஆம் ஆண்டில் ஏற்க மறுத்தது. மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். படையினர் கூட்டத்தைக் கலைத்தபோது ஒரு நெசவாளர் உயிரிழந்தார். அவர்களுக்கு ஆதரவாகப் பேசிய ஜோசெப் ஹான்சன் என்னும் செல்வர் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பல்லாயிரம் நெசவாளர் ஆளுக்கொரு பென்னி திரட்டி அவருக்குத் தம் நன்றியைத் தெரிவித்தனர். 1813ஆம் ஆண்டிற் பழைய சட்டத்தின் கூலிப் பிரிவும், 1814ஆம் ஆண்டிற் பயிற்சிப் பிரிவும் நீக்கப்பட்டன. சந்தை தானே யாவற்றையும் சீராக்கும் என்பது ஆள்வோர் கொண்ட புதுக்கொள்கை.

விசைத்தறி தன் முழு வலிமையுடன் வந்தது இதன் பின்னரே. அதற்கு வழி திறந்தவருள் ராட்கிளிப்பும் ஒருவராயினமை வரலாற்றின் விசித்திரம். பாவு நூலுக்குக் கஞ்சியிடத் தறியை அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது. கைத்தறிகளுக்கு உதவும் நோக்குடன், பாவை முன்னதாகவே கஞ்சியிட்டு உலர்த்தும் பொறியொன்றை அவர் தம் பணியாளர் தோமஸ் ஜோன்சனின் துணையுடன் 1803ஆம் ஆண்டளவில் ஆக்குவித்தார். அதனாற் பெரும் பயன் அடைந்தது விசைத்தறியே. ராட்கிளிப்போ முதுமையில் வறியவராகி 1842ஆம் ஆண்டில் இறந்தார். விசைத்தறிகள் 1820ஆம் ஆண்டில் 14,000 ஆகவும், 1829ஆம் ஆண்டில் 55,000 ஆகவும், 1833ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஓர் இலட்சமாகவும் பெருகின. போல்டன் நெசவாளனின் கிழமைக் கூலி 1830ஆம் ஆண்டளவில் ஐந்தரை ஷில்லிங்காகச் சுருங்கிற்று.

பொறுமைக்கும் எல்லை உண்டு. 1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆந் திகதி மான்செஸ்டரின் புனித பீட்டர் திடலில் வாக்குரிமை கோரிக் கூடிய பெருங்கூட்டத்திற் கைத்தறியாளர் மிகப் பலர் இருந்தனர். மிடில்டன் ஊரிலிருந்து அணிவகுத்து வந்தோருக்குத் தலைமை தாங்கிய சாமுவேல் பாம்போர்டும் ஒரு நெசவாளரே. குதிரைப்படை வாளுடன் பாய்ந்ததிற் பலர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். பஞ்சம் நிலவிய 1826ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் கிழக்கு லங்காஷயர் மக்கள் நான்கு நாட்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விசைத்தறிகளை உடைத்தனர். சட்டர்டன் என்னுமிடத்திற் படையினர் சுட்டதில் அறுவர் மடிந்தனர். உடைந்த தறிகளின் இடத்திற் புதிய தறிகள் எழுந்தன.

இறுதி முயற்சி மீண்டும் பாராளுமன்றத்திலேயே நிகழ்ந்தது. ஒல்ட்ஹாம் தொகுதியின் உறுப்பினரான ஜோன் பீல்டன் தாமே பெரிய ஆலை முதலாளியாக இருந்தும், கைத்தறியாளரின் கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென வாதாடினார். அதற்கான மசோதா 1835ஆம் ஆண்டிலே தோல்வியுற்றது. பின்னர் அரச ஆணைக்குழுவொன்று 1837ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்று ஊர் ஊராக விசாரணை நடத்தியது. படுக்கையின்றி வைக்கோலில் உறங்கியோர், ஓட்ஸ் கஞ்சியும் உருளைக்கிழங்குமே உண்டு பதினான்கு மணி நேரம் தறியில் இருந்தோர் ஆகியோரின் கதைகள் ஏடேறின. 1841ஆம் ஆண்டில் வந்த அறிக்கையின் சாரமோ, கூலியை உயர்த்த அரசால் ஆவதொன்றில்லை. நெசவாளர் தம் பிள்ளைகளை இத்தொழிலிற் புகுத்தாதிருத்தலே நன்று என்பதாக இருந்தது.

அவ்வறிவுரை பொய்யன்று, ஆனால், காலங்கடந்தது. ஐம்பது வயதான நெசவாளனுக்கு வேறு தொழில் இல்லை, ஆலையிலும் இடமில்லை. விசைத்தறியைக் கவனிக்க முதலாளிகள் பெரிதும் அமர்த்தியது இளம்பெண்களையும் சிறுவர்களையுமே. ஆகவே, மகள் ஆலைமணிக்கு எழுந்து சென்று ஈட்டிய கூலியில், தந்தை வீட்டில் ஓடாத தறியின் அருகே அமர்ந்து உண்ணும் நிலை எத்தனையோ வீடுகளில் நேர்ந்தது. தாயின் இராட்டை ஓய்ந்தபோது களித்த வீட்டில், தந்தையின் தறியும் ஓய்ந்தது. இரண்டரை இலட்சமளவில் இருந்த பருத்திக் கைத்தறியாளர் 1850ஆம் ஆண்டில் 43,000 அளவிற் குறைந்தனர். அடுத்த பத்தாண்டில் அவர்களும் அருகினர். லங்காஷயர் ஆலைத்துணி இதற்குள் கடல்கடந்து இந்தியச் சந்தைகளை நிறைத்து, அங்குள்ள தறிகளையும் வருத்தலாயிற்று.

நேயர்களே, யந்திரத்தால் உலகம் அடைந்த நன்மையை மறுப்பார் இல்லை. முன்பு ஒரே உடையுடன் காலங்கழித்த ஏழையும் மாற்றுடை உடுத்தலானான். ஆயினும், அந்நன்மைக்கு விலை கொடுத்தவர் ஒருவர். பயன் பெற்றவர் வேறொருவர். ஒரு தலைமுறை மாறும் வரையிலேனும் கூலிக்கு ஒரு தாழ்ந்த எல்லை வகுத்திருந்தால், யந்திரமும் வந்திருக்கும். ஆனால், இத்தனை வீடுகள் இவ்வளவு துன்புற்றிரா. அதனைக் கேட்டவர் நெசவாளர். கேட்கும் வழி தெரிந்து, மனு எழுதி, கையொப்பமிட்டு, முப்பது ஆண்டுகள் கேட்டனர். மறுத்தது யந்திரம் அன்று, மனிதரே.

யோர்க்ஷயர் மலைச்சரிவுகளில் இன்றும் சில பழைய கல்வீடுகள் நிற்கின்றன. அவற்றின் மேல்மாடியில், சுவரின் நீளத்துக்கு, ஒன்றையொன்று அடுத்துப் பல யன்னல்கள் வரிசையாக அமைந்திருக்கும். காண்போர் அதனை அழகுக்காகச் செய்த வேலைப்பாடு என நினைத்தல் கூடும். பாவில் அறுந்த இழையைக் கண்டு முடிச்சிட நெசவாளனுக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. அதற்காகவே அவை திறக்கப்பட்டன. தறிகள் போயின, யன்னல்கள் இருக்கின்றன. அவற்றை நோக்குவோர், உள்ளே அமர்ந்து உழைத்தவர்களையும் ஒரு கணம் நினைப்பாராக.